ராஜகனி அக்காவுக்குப் பழகவே இல்லை

செய்தி வந்தபோது நான் ராயபுரத்தில், அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். ராஜகனி அக்காவின் மகன் டேனியல் போனில் கூப்பிட்டான். "அக்கா, அம்மா போயிட்டாங்க. காலையில காபி குடிச்சிட்டுச் சாஞ்சாங்க. அப்புறம் எழுந்திருக்கல." அவன் அழவில்லை. கடையில் சரக்கு வந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னான். டப்பாவை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

தண்டையார்பேட்டை டோல்கேட்டில் இறங்கி அவர்கள் தெருவுக்குள் திரும்பியதுமே நாற்றம் அடித்தது. அன்றைக்கென்று பார்த்துச் சாக்கடை பொங்கியிருந்தது. பந்தலின் பாதி கறுப்புத் தண்ணீரில் நின்றது. பிளாஸ்டிக் நாற்காலிகளின் கால்களைச் சுற்றிக் குமிழ் குமிழாக ஏதோ மிதந்தது. பிளீச்சிங் பவுடரை அள்ளி வீசியிருந்தார்கள். அதன் நெடியும் ரோஜா மாலைகளின் வாசமும் சாக்கடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் வந்து உட்கார்ந்தன. போதகர் செங்கல் மேல் செங்கலாகக் கால்வைத்து வந்தார். பெண்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து அழுதுவிட்டு, மறுபடியும் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தவர் எழுந்து வந்திருந்தால் ஒருவரையும் உட்காரவிட்டிருக்க மாட்டார். அந்தத் தெருவில் அதைப் பார்த்து "சீ" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அன்றைக்குப் பேசாமல் படுத்திருந்தார்.

இதைப் படிக்கிறவர்களில் பல பேருக்கு அவரை, இலையை மடித்த ஆன்ட்டி என்றுதான் தெரியும். செல்போனில் சுற்றிய அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அவருடைய மாடியில் பல வருஷம் குடியிருந்தவள் என்ற முறையில் மிச்சத்தையும் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

அக்காவுக்கு நாசரேத்துப் பக்கம். கல்யாணமாகித் தண்டையார்பேட்டைக்கு வந்தவர். கணவருக்குப் பாத்திரக்கடை. நான் முதன்முதலாக வீடு கேட்டுப் போனபோது என் வேலையையோ சாதியையோ அவர் கேட்கவில்லை. "குப்பைய எதுல கட்டி வைப்ப?" என்றுதான் கேட்டார். மூடி போட்ட வாளி வைத்திருக்கிறேன் என்றேன். வீடு கிடைத்துவிட்டது.

அவ்வளவு அருவருப்புப்படுகிற ஒரு மனுஷியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அடுத்தவர் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். கல்யாண வீடுகளுக்குக் கைப்பையில் சொந்த டம்ளர் கொண்டு போவார். குப்பை லாரி தெருவைக் கடந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு, அது ஹைரோடு ஏறுகிறவரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். சபைப் பெண்கள் அவரைத் திமிர் பிடித்தவர் என்றார்கள். "ஊரே இங்கதான இருக்கு, இவங்க மூக்கு மட்டும் தங்கத்துல செஞ்சதா?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன். வடசென்னையில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதெல்லாம் மழை வெயில் மாதிரி. அக்காவுக்கு மட்டும் எத்தனை வருஷமானாலும் ஒவ்வொரு நாளும் முதல் நாளாகவே இருந்தது.

ஒரு நாள் காலையில் கீரைக்காரர் வரவில்லை என்று நாங்கள் இருவரும் நடந்தே தேடிப் போனோம். கால்வாய்ப் பக்கம் ஒரு சந்தில் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வாடிப்போன அரைக்கீரைக் கட்டுகளை ஒவ்வொன்றாகச் சாக்கடைத் தண்ணீரில் முக்கி, உதறி, கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். "தண்ணி தெளிச்சாதான்மா பச்சையா கீது" என்றார். அக்கா அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அன்றைக்கு முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. சாயங்காலம் மாடிக்கு ஏறி வந்து, "ஏட்டி விமலா, என்னத்தத் திங்குதோம்னு தெரியாமலே இத்தனை வருஷம் தின்னுருக்கோம். நானே வெளைய வைக்கப் போறேன்" என்றார்.

கணவர் இறந்து கையில் வந்ததை வைத்து, எண்ணூர் தாண்டி மீஞ்சூர் போகிற வழியில், உள்ளே தள்ளி, ஒரு துண்டு நிலம் வாங்கினார். டேனியல் எவ்வளவோ சொன்னான். அக்கா கேட்கவில்லை. வேலைக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் சிலர் வந்தார்கள். அவர்களில் கஸ்தூரி என்பவள்தான் எல்லாம். முப்பது வயதுக்காரி, உரத்த குரல், எதற்கும் அசையாதவள். விதைப்பதிலிருந்து பாத்திரம் கழுவுவதுவரை அவள் கைதான்.

முதல் தடவை நான் அங்கே போனபோது அக்கா ஒரு நீல டிரம்முக்குள் முழங்கைவரை கையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். சாணி, மாட்டு மூத்திரம், வெல்லம், கடலைமாவு எல்லாம் போட்டு ஊறவைத்த கரைசல். நுரை தள்ளிக்கொண்டிருந்தது. ஈ மொய்த்தது. சொந்த டம்ளர் இல்லாமல் வீட்டை விட்டு நகராத இவரா என்று வாய்பிளந்து நின்றேன். அக்கா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "அழுக்கு வேற, அசிங்கம் வேறட்டி. இது மாட்டுக்குள்ள இருந்து வந்தது, மண்ணுக்குள்ள போகும். இதுல என்ன இருக்கு? மனுஷன் தெரிஞ்சே இன்னொருத்தன் வாய்க்குள்ள தள்ளுதானே, அதுதான் அசிங்கம்."

நிலம் கொடுத்தது. கத்தரி, வெண்டை, சுரை, கொத்தவரை, கீரை என்று கைகொள்ளாமல் வந்தது. டேனியலுக்கு வியாபார புத்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டி, அங்கே பறித்ததை அங்கேயே சமைத்து இலைபோட்டுப் பரிமாறுவது என்று ஆரம்பித்தான். அண்ணா நகரிலிருந்தும் அடையாறிலிருந்தும் காரில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பிள்ளைகள் வெண்டைக்காயைப் பறித்துப் பச்சையாகக் கடித்தன. அப்பாக்கள் தலைப்பாகை கட்டி மண்வெட்டியுடன் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

சாப்பாடு என்னவோ உண்மையிலேயே அருமை. அக்காவின் கூட்டாஞ்சோற்றைச் சாப்பிட்டவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அரிசியும் பருப்பும் குழைய, கத்தரியும் முருங்கைக்காயும் மாங்காயும் போட்டு, தேங்காய் அரைத்து ஊற்றி, கடைசியில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. மேலே நல்லெண்ணெய். கூடவே பொரித்த வத்தல், கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, கெட்டி மோர். வேப்பமரத்து நிழலில் பாய் விரித்து உட்கார்ந்து நான் அதைத் தின்ற தினங்களில் வேறு எதையும் நினைத்ததில்லை. நிமிர்ந்து பார்த்தால் தூரத்தில் வரிசையாகப் புகைபோக்கிகள் தெரியும். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. போட்டோ எடுக்கிறவர்கள் புகைபோக்கி விழாதபடி கோணம் பார்த்து நிற்பார்கள். ஒருவர் தன் மனைவியை வாழை மறைவில் நகரச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய கூட்டம். நுங்கம்பாக்கத்தில் ஓர் உணவகம் நடத்துகிறவர் ஆட்களோடு வந்திருந்தார். பிடித்துவிட்டால் காய்கறி முழுவதையும் அவரே எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. டேனியல் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். முதல் பந்தியில் நானும் உட்கார்ந்தேன். அக்கா தானே கூட்டாஞ்சோற்றை அள்ளி அள்ளி வைத்தார்.

இரண்டாவது வாயில் பல்லில் ஏதோ நறநறவென்றது. நான் விழுங்கிவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மாளும் மெல்லுவதை நிறுத்தி, பிறகு விழுங்கினார். எதிர் வரிசையில் ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டே, "ஆன்ட்டி, மண்ணு இருக்கு. சூப்பர். ஆர்கானிக்னா இப்படித்தான் இருக்கணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. கரண்டியை அப்படியே வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார். கழுவின கையோடு நானும் போனேன். அங்கே கஸ்தூரி இரண்டாம் பந்திக்கான கீரையை அலுமினிய அன்னக்கூடையில் அலசிக்கொண்டிருந்தாள். அக்கா கீரையை ஒதுக்கிவிட்டு அடியில் கைவிட்டு அள்ளினார். உள்ளங்கையில் சாம்பல் நிறத்தில் கூழ் மாதிரி வந்தது. அந்தத் தோட்டத்து மண் விரலில் பிசுபிசுக்காது. இது பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தார். எனக்கும் நீட்டினார். எரிந்த கரியும் துருவுமாக ஒரு வாடை.

"என்னது இது?"

"எப்பவும் வர்றதுதான் ஆன்டி. காத்து இந்தாண்ட திரும்பிச்சின்னா சாம்பல் கொட்டும். நாலு தண்ணி அலசிக் குடுப்பேன். இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி, ரெண்டு தண்ணிதான் ஆச்சு. இதுக்குப் போயி பேஜாராகாதீங்க."

அக்கா அந்தக் கையை உதறவில்லை. கையை அப்படியே முன்னால் நீட்டிப் பிடித்தபடி பந்திக்குத் திரும்பிப் போனார். "எல்லாரும் எந்திரிங்க. இத யாரும் திங்காதிய" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. விளையாட்டு என்று நினைத்தார்கள். அக்கா முதல் வரிசையில் குனிந்தார். உணவகக்காரர் முன்னால் இருந்த இலையை, அதில் பாதிச் சோறு இருக்க, இரண்டாக மடித்தார். அடுத்த இலை. அடுத்தது. விருந்துக்குக் கூப்பிட்டவரே விருந்தாளியின் இலையை மடிப்பதை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. ஒரு பெரியவர் அவமானத்தில் முகம் சிவந்து எழுந்தார். ஒரு பையன், "எனக்கு இன்னும் வேணும்" என்று அழுதான்.

"அம்மா!" டேனியல் அவர் தோளைப் பிடித்தான். "என்ன பண்றீங்க? கொஞ்சம் தூசி. எல்லாரும் நல்லா இருக்குன்னுதான சொல்றாங்க."

"நல்லா இருக்குன்னுதாம்ல சொல்லுதாவ. அதுதாம்ல கொமட்டுது."

அந்த இளைஞன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். தன் இலையை மட்டும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "பரவால்ல ஆன்ட்டி, நான் சாப்பிடறேன், டேஸ்ட்டா இருக்கு" என்று இன்னொரு வாய் அள்ளிப் போட்டான். எனக்கு அந்த வாயைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதே சோறுதான் என் வயிற்றிலும் இருந்தது என்பதை நினைத்தபோது அதைவிடச் சகிக்கவில்லை.

அன்றோடு ஞாயிற்றுக்கிழமை விருந்து நின்றது. உணவகக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. டேனியல் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினான். எந்த ஆலையின் சாம்பல், எந்தக் குழாயின் கழிவுநீர் என்று கேட்டு அக்கா ஏறி இறங்கிய இடங்களில் எல்லோரும் இன்னோர் இடத்தைக் கைகாட்டினார்கள். எங்களால் கடைசிவரை தெரிந்துகொள்ள முடியவில்லை. ஒரு நாள் படியில் உட்கார்ந்திருந்தபோது அக்கா என்னிடம் சொன்னார்: "எனக்கு மொதல்லயே நாக்குல பட்டுச்சுட்டி. மண்ணுன்னு நினைச்சுக்கிட்டேன். நம்ம தோட்டத்துல அப்படி இருக்காதுன்னு நினைச்சுக்க ஆசப்பட்டேன். கீரைக்காரன் சாக்கடையில முக்குனான். நான் முக்காம குடுத்தேன். வேற என்ன வித்தியாசம்?"

பிறகு ஒரு நாள் கஸ்தூரி தண்டையார்பேட்டைக்கே வந்துவிட்டாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "உங்களுக்கு அசிங்கமா இருந்துச்சு, கேட்டைப் பூட்டிட்டு வந்துட்டீங்க. வேல பூட்ச்சு, அது கெடக்கட்டும். நாங்க அங்கயேதான ஆன்டி கீறோம்? சோத்துக் குண்டான மூடி வெச்சி மூடி வெச்சித் துன்னுகினு கீறோம். எங்க இலைய யாரு மடிப்பாங்க?" பதிலுக்காக நிற்காமல் திரும்பிப் போனாள்.

அடுத்த வாரம் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு கஸ்தூரி வீட்டுக்குப் போனார். கைப்பையில் டம்ளர் இல்லை என்பதை ரயிலில்தான் கவனித்தேன். எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வீடு. ஓட்டின் மேல், துணிக்கொடியில், துளசிச் செடியில் எல்லாம் சாம்பல் பூசியிருந்தது. ஆற்றில் நீர் தேநீர் நிறத்தில் வெதுவெதுவென்று ஓடியது. கஸ்தூரி சோறும் மடவை மீன் குழம்பும் போட்டாள். கோபம் தணிந்திருந்தது. யார் வீட்டிலும் கைநனைக்காத அக்கா சம்மணமிட்டு உட்கார்ந்து தட்டை வாங்கினார். அவர் மனதில் என்ன தீர்மானம் என்று எனக்குப் புரிந்தது. இவர்கள் தின்பதைத் தானும் தின்ன வேண்டும். அவ்வளவுதான்.

முதல் வாய் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மீனில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. நான் அதை நாக்கின் ஓரத்துக்குத் தள்ளி, "குழம்பு நல்லா இருக்கு கஸ்தூரி" என்றேன். மூன்றாவது வாயில் அக்கா தட்டோடு எழுந்து, வாசலைக்கூட எட்ட முடியாமல், நிலைப்படியிலேயே எல்லாவற்றையும் கக்கிவிட்டார். கண்ணும் மூக்கும் ஒழுக, "மன்னிச்சிரும்மா, மன்னிச்சிரும்மா" என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் தரையைத் துடைக்கப் போனார்.

கஸ்தூரி அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள். அவள் கோபப்படுவாள் என்று நான் பயந்திருந்தேன். அவளோ தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "எத்தினியோ பேரு வந்தாங்க ஆன்டி. ஆபீசருங்க வந்தாங்க, டிவிக்காரங்க வந்தாங்க. வர்றவங்களுக்கெல்லாம் சோறு போட்ருக்கேன். எல்லாரும் நல்லா கீதுன்னு சொல்லிட்டுப் பூட்டாங்க. வாந்தி எடுத்த மொத ஆளு நீதான்." முதன்முதலாக அவள் அக்காவை 'நீ' என்றாள். அது மரியாதைக் குறைவாக எங்கள் இருவர் காதிலும் விழவில்லை.

சில மாதம் கழித்து அந்தப் பக்கத்தில் ஏதோ ஓர் ஆலையின் விரிவாக்கத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. கல்யாண மண்டபம் மாதிரிப் பந்தல், வாசலில் போலீஸ், உள்ளே நுழைகிறவர்களுக்கு லட்டும் மிக்சரும் போட்ட அட்டைப் பெட்டி. மேடையில் படம் போட்டுக் காட்டினார்கள். படத்தில் எல்லாம் பச்சையாக இருந்தது. கஸ்தூரி அக்காவை மைக்குக்கு அழைத்துப் போனாள். அக்காவுக்கு மேடை பழக்கமில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் கொமட்டுது" என்றார்.

மேடையில் இருந்த அதிகாரி பேனாவைத் திறந்தார். "உங்க கருத்தைச் சொல்லுங்கம்மா."

"அதான் சொல்லிட்டேனே. இங்க வெளையுததத் தின்னா கொமட்டுது. இந்த லட்டக் குடுத்தியள்லா, அதப் பாத்தாலும் கொமட்டுது. எழுதிக்கிடுங்க."

"அதை எப்படிம்மா பதிவு பண்றது?"

"நான் சொன்னபடியே."

பின்வரிசைகளில் சிலர் சிரித்தார்கள். ஆனால் கஸ்தூரி பக்கத்தில் இருந்த பெண் எழுந்து, "எனுக்கும்தான் சார் கொமட்டுது. எழுதிக்க" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஒரு கிழவர். லட்டுப் பெட்டிகள் ஒவ்வொன்றாக மேடையின் விளிம்பில் போய் அமர்ந்தன. அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு எழுதினார்.

அதனால் எதுவும் நின்றுவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வேலை நடக்கிறது. அக்காவின் தோட்டத்தில் இப்போது கன்டெய்னர்களை அடுக்கியிருக்கிறார்கள். டேனியல் வாடகைக்கு விட்டுவிட்டான். அவனையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அடக்கத்தன்று அவன்தான் கஸ்தூரியைக் குடும்பத்தாரோடு முன்னால் நிறுத்தி, முதல் பிடி மண்ணை அவளைப் போடச் சொன்னான்.

சென்ற வாரம் எங்கள் அலுவலகத்துக்கு வந்த கேன் தண்ணீரில் மெல்லிய பாசி வாடை. எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் டம்ளரில் பிடித்து வாயருகில் கொண்டு போனேன். இத்தனை வருஷமாக அப்படித்தான் குடித்திருப்பேன். அன்றைக்கு டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். "சீ" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே வந்துவிட்டது. கேனைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் கவிழ்த்தேன். "விமலா மேடத்துக்கு என்னாச்சு?" என்று உள்ளே யாரோ கேட்டார்கள்.

அக்காவின் நிலம், சமையல், தைரியம் எதுவும் எனக்கு வரவில்லை. பழகிக்கொள்ள மறுக்கிற ஒரு வயிறு மட்டும் வந்திருக்கிறது. அதை வைத்துக்கொள்கிறேன்.